இலங்கையைச் சுற்ற எந்த வண்டி? டிரைவரோடு கார், நாமே ஓட்டும் கார், வாடகை ஆட்டோ, ரயில்-பஸ்: ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி என்று ஊர்ப் பட்டியலும் சுலபமாகத் தயாராகிவிடும். இத்தனை ஊருக்கும் எதில் போவது என்ற இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு வழிகள் உண்டு: டிரைவரோடு கார், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார், நாமே ஓட்டும் ஆட்டோ, ரயிலும் பஸ்ஸும். நான்குமே நல்ல வழிகள்தான். ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது, ஒரு சாலைக்குப் பொருந்துவது அடுத்த சாலைக்குப் பொருந்தாது.

ஒப்பிட வசதியாக, கொழும்பருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடியும் எட்டு நாள் சுற்று ஒன்றை வைத்துக்கொள்வோம். ஊர்களுக்கு இடையே மட்டும் ஏறக்குறைய 760 கி.மீ. உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்தால் 950 வரை போகும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

மணி நேரம். இலங்கையில் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். எக்ஸ்பிரஸ்வே தவிர்த்த சாலைகளில் காரின் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. தாண்டினாலே நல்ல நாள். மலையில் 28, 30தான். "77 கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணியில் போய்விடலாம்" என்று திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் பாதிப் பயணம் பாழாகிறது.

கூட வருபவர்கள். முழங்கால் வலி உள்ள அம்மா, வளைவுச் சாலையில் வாந்தி எடுக்கும் குழந்தை, நான்கு பெரிய பெட்டிகள் என்று வந்தால் முடிவு பாதி அங்கேயே எடுக்கப்பட்டுவிடும்.

காகிதங்கள். இந்திய லைசென்ஸ் மட்டும் அங்கே செல்லாது.

கண்ணில் படாத செலவு. முன்பணம், டிரைவர் தங்கும் செலவு, காத்திருப்பு, வீணாகும் அரை நாள் எல்லாம் இதில் வரும்.

மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, மலைநாட்டின் மேற்குச் சரிவையும் காலிப் பக்கத்தையும் நனைக்கும். அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை நாடு முழுக்க உண்டு. மண்சரிவு அபாயமும் அப்போதுதான் அதிகம். இந்தச் சுற்றுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம்.

வழியில் நிற்காமல் போனால் ஆகும் நேரம் இது (திஸ்ஸமகாராம யாலவை ஒட்டிய ஊர், நானுஓயா நுவரெலியாவுக்குப் பக்கத்து ரயில் ஸ்டேஷன்):

| பகுதி | தூரம் (கி.மீ.) | கார் | ஆட்டோ | ரயில் அல்லது பஸ் |
|---|---|---|---|---|
| கட்டுநாயக்க – சீகிரியா | 150 | 4 மணி | 5½–6 | பஸ் 5–5½, தம்புள்ளையில் மாறணும் |
| சீகிரியா – கண்டி | 90 | 2½–3 | 3½–4 | பஸ் 3½ |
| கண்டி – நுவரெலியா | 77 | 2½–3 | 4 | பஸ் 3–3½ |
| நுவரெலியா – எல்ல | 57 | 2 | 2½–3 | நானுஓயாவிலிருந்து ரயில் 2½–3 |
| எல்ல – திஸ்ஸமகாராம | 90 | 2–2½ | 3–3½ | பஸ் 3, வெல்லவாயவில் மாறணும் |
| திஸ்ஸமகாராம – காலி | 145 | எக்ஸ்பிரஸ்வேயில் 2½ | 5 | பஸ் 4½, மாத்தறையில் மாறணும் |
| காலி – கட்டுநாயக்க | 150 | எக்ஸ்பிரஸ்வேயில் 2–2½ | 6 | கொழும்பு வழியாக 3½–4 |

ஆட்டோவுக்கு ஏன் இவ்வளவு நேரம்? சட்டப்படி அதன் உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ.தான். எக்ஸ்பிரஸ்வேயில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் அனுமதியே கிடையாது. கடைசி இரண்டு வரிகளில் வித்தியாசம் இரட்டிப்பாக இருப்பது அதனால்தான்.

## டிரைவரோடு கார்

நான்கு பேர் கொண்ட குடும்பம், முதல் தடவை, எட்டு நாள் என்றால் இதைத்தான் முதலில் பரிந்துரைக்கணும். சிறிய காருக்கு, பெட்ரோலையும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 50 முதல் 75 டாலர் கேட்பார்கள். நான்கு பேருக்குப் பிரித்தால், நாமே ஓட்டும் காரைவிடப் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது.

அந்தத் தொகைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான் தகராறு வரும். பணம் கட்டுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக இவற்றைக் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு எத்தனை கி.மீ. வரை, பலர் வைப்பது போல 100ஆ, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு? கணக்கு நாளுக்கு நாளா, மொத்தப் பயணத்துக்கா? எக்ஸ்பிரஸ்வே கட்டணமும் பார்க்கிங்கும் யாருடையது? டிரைவரின் சாப்பாடும் தங்குமிடமும் யாருடையது? கடைசி நாள் வேறு ஊரில் இறங்கினால் வண்டி காலியாகத் திரும்பும் செலவு உண்டா?

மொத்தப் பயணத்துக்குக் கணக்கு வைத்தால் உங்களுக்கு லாபம். எல்லவில் ஒரு நாள் முழுக்க வண்டி சும்மா நிற்கும். அந்த 100 கி.மீ. காலி – கட்டுநாயக்க நாளுக்கு உதவும்.

பெரிய ஹோட்டல்களில் டிரைவருக்கு இலவசப் படுக்கை இருக்கும். வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதிகளில் பெரும்பாலும் இருக்காது. புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நாள் முழுக்க மலைச்சாலையில் ஓட்டிய மனிதர் வண்டி சீட்டைச் சாய்த்துத் தூங்கி, மறுநாளும் உங்கள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை.

இன்னொரு செலவு நேரத்தில் வரும். மாத்தளை வட்டாரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள், ரத்தினக் கடைகள், பாத்திக் துணிக்கடைகள் பலவற்றில் ஆள் கொண்டுவரும் டிரைவருக்குக் கமிஷன் உண்டு. வேண்டாம் என்றால் முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டால் போதும்: "அண்ணே, கடை எதுவும் வேண்டாம், அந்த நேரத்தில் அருவியில் நிற்போம்."

இந்த வழியில் மட்டும் கிடைக்கும் ஒரு வசதி உண்டு. நானுஓயாவில் குடும்பம் முழுவதும் ரயில் ஏறலாம். பெட்டிகளை டிரைவர் சாலை வழியே எல்ல ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து காத்திருப்பார். கார் இரண்டு மணியில் வந்துவிடும், ரயில் அதைவிடச் சற்று மெதுவாக வரும். நாமே ஓட்டும் காரில் வந்திருந்தால் ஒருவர் ரயிலைத் தியாகம் செய்யணும்.

மலைமேல் உள்ள ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவுக்குப் போகிற திட்டம் இருந்தால் முந்தின நாள் மதியமே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக 32 கி.மீ. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருக்கலாம். உள்ளே நடை ஏறக்குறைய 9 கி.மீ. 'உலக முடிவு' பாறை விளிம்பில் காலை ஒன்பதுக்கு மேல் போனால், பல நாட்களில் பள்ளத்தாக்குக்குப் பதில் வெள்ளை மூட்டம்தான் தெரியும்.

## நாமே ஓட்டும் கார்

சிறிய கார் நாளுக்கு 30 முதல் 45 டாலர் வரை, பெட்ரோல் தனி. இங்கேபோல அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் கை பழக்கத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் காகிதத்தில்.

ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கணும். ஓராண்டு செல்லும். இலங்கையில் இறங்கியதும் அதன் அடிப்படையில் உள்ளூர் அனுமதி ஒன்றும் தேவை. முன்பு இதற்குக் கொழும்புக்குப் போகணும், இல்லையென்றால் வாடகை நிறுவனம் வாங்கித் தரணும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கொரு கவுண்டர் திறந்தார்கள். எந்த வழியானாலும், கையில் காகிதம் வரும் முன் சாவியை வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

வேக வரம்பு ஊருக்குள் 50, வெளியே 70, எக்ஸ்பிரஸ்வேயில் 100. மஞ்சள், வெள்ளைக் கோடு போட்ட நடைபாதைக் கடவையில் ஆள் கால் வைத்தால் வண்டி நின்றே ஆகணும். இங்கே நமக்கு அந்தப் பழக்கம் குறைவு என்பதால் அதிகம் மாட்டுவது இதில்தான். முழுக்கோட்டைத் தாண்டி ஓவர்டேக் செய்வது இன்னொன்று. பொலிஸ் பிடித்தால் நெடுங்காலமாக இருந்துவந்த நடைமுறை இது: லைசென்ஸை வாங்கிக்கொண்டு சீட்டு தருவார்கள். தபால் நிலையத்தில் அபராதம் கட்டி, ரசீதோடு அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பி வந்து லைசென்ஸை மீட்கணும். தொகை சின்னதுதான், ஆனால் அரை நாள் போய்விடும்.

இன்சூரன்ஸில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேருமா என்று கேளுங்கள். தோட்டச் சாலைகளில் அடிபடுவது அடிப்பாகம்தான். மேப் காட்டும் குறுக்குவழியை மலையில் நம்பாதீர்கள். நான்கு நிமிடம் மிச்சம் என்று காட்டி, எதிரே ஒரு லாரி வந்தால் அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய தேயிலைத் தோட்டப் பாதையில் தள்ளிவிடும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குக் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏ5 சாலையிலேயே போங்கள்.

இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். ஹபரணை – மின்னேரியாப் பக்கம், உடவளவை, புத்தளை – கதிர்காமம் சாலை மூன்றிலும் யானை நடுச்சாலையில் நிற்கும். பின்விளக்கு எரியாத சைக்கிளும் உழவு இயந்திரமும் எல்லா ஊரிலும் உண்டு. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், பழம் நீட்டவும் வேண்டாம். புத்தளைச் சாலை யானைகள் வண்டியை மறிக்கப் பழகியதே பயணிகள் தின்னக் கொடுத்ததால்தான்.

நாமே ஓட்டுவது அதிகம் பயன்படுவது சமதளத்தில். அநுராதபுரம், பொலன்னறுவை, ஏ9 வழியாக யாழ்ப்பாணம், தெற்குக் கடலோரம் போன்ற பகுதிகளில் சாலை நேராக இருக்கும், நெரிசல் குறைவு, நினைத்த குளக்கரையில் நிறுத்தலாம். மலையில் ஓட்டுகிறவருக்கு அருவியும் தெரியாது தேயிலையும் தெரியாது. அடுத்த வளைவில் வருகிற பஸ் மட்டும்தான் தெரியும்.

## வாடகை ஆட்டோ

படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அதிகம். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நாளுக்கு ஏறக்குறைய 15 முதல் 25 டாலர். காற்று, மணம், சாலையோரக் கடைக்காரரின் சிரிப்பு எல்லாம் நேரே வந்து சேரும். அதன் குணம் தெரிந்து எடுத்தால் நல்ல வண்டி.

காகிதத்தில் ஒரு விஷயம்: உள்ளூர் அனுமதித் தாளில் முச்சக்கர வண்டி என்ற வகை இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஓட்டும் அனுமதி மட்டும் இருந்தால் போதாது.

இடது கைப்பிடியில் கிளட்சும் கியரும், வலது கைப்பிடியில் ஆக்சிலரேட்டர், வலது காலில் பிரேக். ரிவர்ஸுக்குத் தனி லீவர். கியர் ஸ்கூட்டர் ஓட்டியவருக்குப் பழைய ஞாபகம் வரும், கார் மட்டும் ஓட்டியவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி வேணும். பயிற்சியை வெறும் மைதானத்தோடு முடிக்காமல் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கவும் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுவதால் பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்ட முடியாது. பின்சக்கரங்கள் தப்பினால் முன்சக்கரம் இறங்கும். வேகத்தில் ஹேண்டிலைச் சட்டென ஒடித்தால் ஒரு பின்சக்கரம் தூக்கும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போகணும்.

வண்டியை எடுக்கும்போது ஸ்பேர் டயரில் காற்று, ஜாக்கி, பக்கவாட்டு மழைத்திரையின் கொக்கிகள், வைப்பர், ஹெட்லைட், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சரிவில் நிறுத்தி, கையை எடுத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. டாங்க் ஏறக்குறைய 8 லிட்டர்தான். லிட்டருக்கு 25 கி.மீ. என்று வைத்தால் 200 கி.மீ. மலையேற்றத்தில் குறையும். பாதி டாங்கில் நிரப்பிவிடுங்கள்.

இந்தச் சுற்றில் ஆட்டோவுக்கு ஒவ்வாத இடம் எல்ல – வெல்லவாய ஏ23 சாலை. 27 கி.மீ.க்குள் 800 மீட்டருக்கு மேல் இறக்கம். 2025 செப்டம்பரில் இதே சாலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஆட்டோவில் இருப்பது டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரியும், உள்ளே இருக்கும் ஷூ அதை எட்டிப் பிடிக்கத் தூரம் கூடும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். முதலில் கருகல் வாடை வரும், அப்புறம் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். இரண்டில் ஒன்று வந்தாலும் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் 20–25 வேகத்தில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி வரணும். கிளட்சை அழுத்தி உருட்டுவதும் நியூட்ரலில் விடுவதும் தற்கொலைக்குச் சமம். முதல் முறை ஆட்டோ ஓட்டுகிறவர் இந்த இறக்கத்தைத் தவிர்ப்பதே நல்லது.

பூட்ட முடியாது என்பது இன்னொரு மறைசெலவு. எல்லவிலிருந்து 6 கி.மீ. கீழே இராவணன் அருவியில் பையை வண்டியில் வைத்துவிட்டு இறங்கினால், குரங்குகள் பொறுப்பாகப் பிரித்துப் பார்த்துவிடும். இரண்டு பேர் என்றால் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டியிருக்கும்.

ஆட்டோவை ரசிக்க ஏற்ற இடங்கள் இரண்டு. சீகிரியா – ஹபரணை – பொலன்னறுவை சமவெளியில் பகல் நேரம், மாத்தறையிலிருந்து காலி வரை கடலோர ஏ2 சாலை. அந்த ஊர்களிலேயே இரண்டு, மூன்று நாளுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

## ரயிலும் பஸ்ஸும்

மிக மலிவு. இரண்டு பேர், முதுகில் ஆளுக்கொரு பை, பத்து நாளாவது கையில் இருக்கு என்றால் இதைவிட நாட்டை நெருக்கமாகப் பார்க்க வழியில்லை.

கொழும்பிலிருந்து பதுளை வரை போகும் மலைநாட்டுப் பாதையில் 40க்கு மேற்பட்ட சுரங்கங்கள். பட்டிப்பொல ஸ்டேஷன் ஏறக்குறைய 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்லவுக்கு அப்பால் தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் இந்தப் பாதையும் மலைச்சாலைகளும் கடுமையாகச் சேதமடைந்தன. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். ரயிலை நம்பி மட்டும் ஹோட்டல் போடாதீர்கள்.

ரிசர்வ் சீட்டுகள் திறந்த சில நிமிடங்களில் தீரும். கிடைக்கவில்லை என்றால் ரிசர்வ் இல்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு அன்றே ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கலாம், நின்று போகத் தயாராக இருங்கள். படியில் தொங்கிப் படம் எடுப்பவர்கள் கீழே விழுந்து செத்தே போயிருக்கிறார்கள். பாறைச்சுவர் சில இடங்களில் கை நீட்டும் தூரம்கூட இல்லை.

பஸ்ஸில் பெரிய பெட்டிக்கு இடமே கிடையாது. டிரைவர் பக்கத்திலோ கடைசி சீட்டிலோ திணிக்கணும், சில தனியார் பஸ்களில் பெட்டிக்கும் ஒரு சீட்டுக் காசு கேட்பார்கள். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் தோட்டத் தமிழர்கள் நிறைய, தமிழிலேயே வழி கேட்கலாம். தெற்கில் இறங்கணும் என்றால் கண்டக்டரிடம் சிங்களத்தில் "பஹினவா" (இறங்குகிறேன்) என்றால் போதும். காலி, மாத்தறைக்குக் கொழும்பருகே மாகும்புரவிலிருந்து எக்ஸ்பிரஸ்வே ஏசி பஸ் உண்டு.

இந்த வழியின் மறைசெலவு கடைசி ஐந்து கிலோமீட்டர். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியா ஊருக்கு, எல்லவில் விடுதிக்கு, தம்புள்ளையிலிருந்து சீகிரியாவுக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் ஆட்டோ. கொழும்பு, கண்டியில் வண்டி அழைக்கும் பிக்மீ செயலியில் கட்டணம் தெரியும், மலையூர்களில் பேரம்தான். எட்டு நாளில் இது கூடிக்கூடி ரயில் கட்டணத்தையே தாண்டிவிடும். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையில் பஸ் இல்லை, அதற்கும் தனி வேன் பிடிக்கணும்.

## எந்த வண்டியில் போனாலும் தனியாக வரும் செலவு

யால, உடவளவை, மின்னேரியா வனவிலங்குப் பூங்காக்களுக்குள் உங்கள் கார் போகாது, சஃபாரி ஜீப் தனி வாடகை. பூங்கா நுழைவும் சீகிரியா நுழைவும் வெளிநாட்டவருக்கு அதிகம், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைவு. பாஸ்போர்ட் காட்டினால்தான் அந்தச் சலுகை, ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். யாலவின் முதல் பிரிவைச் செப்டம்பர் வாக்கில் வறட்சிக்காக மூடுவது வழக்கம். அப்போது உடவளவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால், எட்டு நாளுக்குள் முடிக்கணும் என்றால், டிரைவரோடு காரில் போங்கள். நானுஓயா – எல்ல மட்டும் ரயிலில், அது ஓடுகிற நிலையில் இருந்தால்.

இரண்டு பேர், பத்து, பன்னிரண்டு நாள், குறைந்த சாமான்: ரயில்-பஸ். சீகிரியாவிலும் தெற்குக் கடலோரத்திலும் இரண்டிரண்டு நாள் ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்ல – வெல்லவாய இறக்கத்தை பஸ்ஸில் கடந்துவிடலாம், ஓட்டுகிறவர் நாள்தோறும் அந்த வளைவுகளில் வருபவர்.

நுவரெலியாவுக்கு ஏற்கெனவே போய் வந்தவர்கள், இந்த முறை அநுராதபுரம், மன்னார், யாழ்ப்பாணம் என்று வடக்கே பார்க்கிறவர்கள் நாமே ஓட்டும் காரை எடுக்கலாம், பகலில் மட்டும்.

ஏப்ரல் 13, 14 சிங்கள-தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் எந்த வழியானாலும் முன்கூட்டியே பதிவு செய்யணும். டிரைவர்கள் வீட்டுக்குப் போக விரும்புவார்கள், பஸ்களில் ஏற முடியாது, நுவரெலியாவில் அது விழாக்காலம் என்பதால் அறை வாடகை ஏறியிருக்கும், றம்பொடைச் சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வாரத்தில் கண்டி – நுவரெலியாவுக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கி, காலை ஆறுக்கே கிளம்பிவிடுங்கள்.